அந்த மாலை நேரம் யாருடையது?

“தோழரே, ரோபோ என்றாலே நம் சோற்றில் மண் போட வருகிற சாமான். அதைச் செய்யப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பற்றி நம் பத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும்?” என்று ஒரு பஞ்சாலைத் தோழர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். 1961-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆலை ஒன்றில்தான் முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு நிறுத்தப்பட்டது. அச்சிலிருந்து சூடாக வரும் வார்ப்படத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை. மனிதன் கையைப் பொசுக்குகிற வேலை அது. அதை யந்திரம் செய்யட்டுமே, யார் வேண்டாமென்றார்கள்? அதனால் மிச்சமான கூலி யார் பெட்டிக்குள் போய் விழுந்தது என்பதல்லவா தகராறு! யந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. யந்திரத்தை அறிந்த தொழிலாளியின் பிள்ளையின் மேல் நமக்கு என்ன கோபம் இருக்க முடியும்?

இன்று நான் பேச வந்தது ரோபோவைப் பற்றியல்ல. பகலெல்லாம் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பள்ளிப் பிள்ளைகளோடு பட்டறையில் நிற்கிற பெரியவர்களைப் பற்றி. அவர்கள் யார்? அவர்களுக்கு அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? அதனால் லாபம் யாருக்கு?

அமெரிக்காவில் டீன் கேமன் என்ற யந்திர நிபுணர் 1989-ல் ‘ஃபர்ஸ்ட்’ என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். 1992-ல் நியூஹாம்ப்ஷையர் மாகாணத்தில் மான்செஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தேகப்பயிற்சிக் கூடத்தில் முதல் ரோபோ போட்டி நடந்தது. வந்தவை 28 குழுக்கள். இப்போது 3,000-க்கு மேற்பட்ட குழுக்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாத ஆரம்பத்தில் ஆட்டத்தின் விதிகளை அறிவிப்பார்கள். பிள்ளைகள் உடனே உட்கார்ந்து படம் போட்டு, இரும்பும் அலுமினியமும் அறுத்து, மோட்டார் பூட்டி, ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு யந்திரத்தைக் கட்டி முடிக்க வேண்டும். களத்தில் மூன்று குழுக்கள் ஒரு பக்கம், மூன்று குழுக்கள் எதிர்ப்பக்கம். சுமார் இரண்டரை நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 2019 வரை இந்தக் கட்டுமானத்துக்கு ஆறே வார அவகாசம்தான். ஆறாவது வாரம் முடிந்த அன்று ரோபோவை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் போட்ட முத்திரை வைத்துவிட வேண்டும். 2020-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். முதல் போட்டியில் கலந்துகொள்ளும் கட்டணம் மட்டும் ஐயாயிரம், ஆறாயிரம் டாலர்! சாமான் செலவு வேறு, பயணச் செலவு வேறு.

பதினைந்து வயதுப் பையனுக்கு, பெண்ணுக்கு, இதெல்லாம் எப்படித் தெரியும்? சங்கிலி ஏன் நழுவுகிறது, மோட்டார் ஏன் புகைகிறது, துளை அரை மயிரிழை தள்ளிப் போனால் பல்சக்கரம் ஏன் கடித்துக்கொள்கிறது என்பதைப் புத்தகம் சொல்லாது. ரிங் பிரேமில் கதிர் கொஞ்சம் சாய்ந்தால் நூல் அறுகிறது என்பதை நீங்கள் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? பக்கத்தில் நின்ற ஒருவர் காட்டிக்கொடுத்தார். அங்கேயும் அப்படித்தான். டிட்ராய்ட் பக்கம் என்றால் பகலில் கார்க் கம்பெனியில் வரைபடம் போடுகிற இஞ்சினீயர் மாலையில் வருகிறார். சியாட்டில் பக்கம் என்றால் போயிங் விமானக் கம்பெனிக்காரர். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர். நாஸா என்ற சர்க்கார் விண்வெளி ஸ்தாபனத்தில் வேலை செய்கிறவர். இவர்களோடு டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், ஓய்வு பெற்ற டூல்ரூம் ஆசாமி, கணக்கு வாத்தியார், பிள்ளையைக் கொண்டுவிட வந்து அப்படியே நின்றுவிட்ட தாய் தகப்பனார்.

இந்தப் போட்டியின் வளர்ச்சியில் பெரும் பங்கு கொண்டவர் உட்டி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாடம் நடத்தியவர்; 2019-ல் காலமானார். ஒரு பெட்டி நிறைய உதிரிச் சாமான்களை மாணவர் கையில் கொடுத்து, “இதை வைத்து ஒரு யந்திரம் செய்து ஜெயித்துக் காட்டு” என்று வகுப்பு நடத்திப் பேர் வாங்கியவர். அவருடைய தகப்பனார் யார் தெரியுமா? லூயிஸியானா மாகாணத்தில் ஒரு சிறிய ஊரில் இரும்பு பற்றவைத்த வெல்டர். தாயார் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயினி. மகனுக்கு யந்திர ஞானம் முதலில் வந்தது பல்கலைக்கழகத்திலிருந்து அல்ல, அந்த வெல்டரின் கையிலிருந்து! 1996 முதல், மிகச் சிறந்த வழிகாட்டிக்கு அவர் பெயரால் ஒரு விருது வழங்குகிறார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று பேர் சொல்கிறவர்கள் மாணவர்களே. கம்பெனி மானேஜர் சிபாரிசு செய்கிற விருதல்ல. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இந்த மாலை நேரம் எங்கிருந்து வந்தது? எட்டு மணி வேலை என்ற கோரிக்கைக்காக 1886 மே மாதம் சிக்காகோவில் ரத்தம் சிந்தியவர்களால் வந்தது. அமெரிக்காவில் 1938-ல் வந்த சட்டப்படி, இன்று வாரத்துக்கு 40 மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஓட்டை உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிற இஞ்சினீயருக்கு அது பொருந்தாது. “நீ தொழில் நிபுணன், உனக்கு எதற்கு ஓவர்டைம்?” என்று தள்ளிவிட்டார்கள். இன்னொரு விஷயம், விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மத்திய சட்டத்தில் வயலில் வேலை செய்கிறவனுக்கும் ஓவர்டைம் உரிமை கிடையாது. கலிபோர்னியா போன்ற சில மாகாணங்கள்தான் பிற்காலத்தில் தனிச் சட்டம் போட்டன. டை கட்டினவனும் களைக்கொத்துப் பிடித்தவனும் ஒரே ஓட்டை வழியாகக் கீழே விழுந்திருக்கிறார்கள். இருவருக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். நேரத்தின் மேல் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதில் கூட்டாளிகள்.

இப்படிப்பட்ட இஞ்சினீயர் இரவு ஒன்பது மணி வரை பிள்ளைகளோடு நிற்கிறார். சம்பளமில்லை. ரோபோவின் நெற்றியில் யார் பேர் ஒட்டப்படுகிறது? கம்பெனியின் பேர்! “எங்கள் ஊழியர்கள் சமூகத்துக்குத் தொண்டு செய்கிறார்கள்” என்று பத்திரிகையில் படம் வருகிறது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி, தன் ஊழியர் தொண்டு செய்த ஒவ்வொரு மணிக்கும் 25 டாலர் வீதம் அந்தத் தொண்டு ஸ்தாபனத்துக்கு நன்கொடை கொடுக்கிறது. இது நல்ல காரியம்தான். பணமில்லாத பள்ளிக்கு உதவுகிறது. ஆனால் நேரம் ஊழியனுடையது, தர்மவான் என்ற பேர் கம்பெனியுடையது. அதோடு நாளைக்கு வேலைக்கு எடுக்கத் தேர்ந்த பிள்ளைகள் இப்போதே தயாராகிறார்கள். விளம்பரச் செலவில் இதைவிட மலிவு எங்கே கிடைக்கும்?

ஆதரவு தருகிற கம்பெனிகளின் பேரைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். போயிங், லாக்ஹீட் மார்ட்டின், ரேதியான், பிஏஇ சிஸ்டம்ஸ். போர் விமானமும் ஏவுகணையும் செய்து விற்கிறவர்கள். பகலில் அந்தக் கம்பெனிகளில் உட்காருகிறவர்களே மாலையில் பந்து எறியும் யந்திரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறார்கள். அவர்களை நான் ஏசவில்லை. பகல் வேலை என்ன என்பதை அவர்களா தீர்மானிக்கிறார்கள்? அவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலை என்று ஒன்று உண்டானால், அது அந்த மாலை வேலைதான்.

இப்போது 2019-ம் ஆண்டுக் கதையைக் கேளுங்கள். அந்த ஆண்டு ஜனவரி 5-ந் தேதி ஆட்டம் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 19-ந் தேதி ரோபோவைப் பையில் கட்ட வேண்டும். நடுவில், பிப்ரவரி 4-ந் தேதி, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மாதச் சம்பள ஊழியர்கள் சுமார் 4,000 பேரை வீட்டுக்கு அனுப்பும் வேலையை ஆரம்பித்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 6-ந் தேதி, 2018-ம் ஆண்டு லாபம் சுமார் 800 கோடி டாலர் என்று கணக்கு வெளியிட்டது! நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனி அல்ல, பார்த்துக்கொள்ளுங்கள். ரோபோ குழுக்கள் அமெரிக்காவிலேயே மிக நெருக்கமாக உள்ள மாகாணங்களில் மிச்சிகன் ஒன்று. அதே மிச்சிகன்தான் அந்தக் கம்பெனியின் தலைமையிடம். காலையில் அடையாளச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் விடப்பட்ட ஒருவர், அன்று மாலை பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று, கம்பெனிப் பேர் ஒட்டிய யந்திரத்துக்குத் திருகாணி முடுக்க வேண்டிய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, அந்தக் கம்பெனியின் ஆலைத் தொழிலாளிகள் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து 40 நாள் நின்றார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. சம்பள இஞ்சினீயருக்கு இல்லை. இஞ்சினீயருக்குச் சங்கம் ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் 2000-ம் ஆண்டை மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் போயிங் இஞ்சினீயர்களும் டெக்னீஷியன்களும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து, 40 நாள் நின்று ஒப்பந்தம் வாங்கினார்கள்.

கம்பெனி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? அரிஸோனா மாகாணம் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. ஏழைகள் வட்டாரம். 2004-ல் அந்தப் பள்ளியின் நான்கு பையன்கள், மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள், நீருக்கடியில் ஓடும் ரோபோ ஒன்றைச் செய்துகொண்டு சாண்டா பார்பரா போட்டிக்குப் போனார்கள். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. வழிகாட்டிகள் இரண்டு பேர்: ஒருவர் கம்ப்யூட்டர் வாத்தியார், மற்றவர் கடல் விஞ்ஞான வாத்தியார். வசூலான பணம் சுமார் 800 டாலர். சாதாரண பிளாஸ்டிக் குழாயை ஒட்டிச் செய்த யந்திரம். பசையின் நாற்றத்தால் அதற்கு ‘நாற்றம்பிடித்தது’ என்றே பேர். பெட்டிக்குள் நீர் கசிந்தபோது, பெண்கள் மாதவிலக்குக்கு உபயோகிக்கும் பஞ்சைக் கடையில் வாங்கி உள்ளே வைத்துச் சமாளித்தார்கள். எதிரே யார்? மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்! எண்ணெய்க் கம்பெனியின் பணபலம் பின்னால் இருந்த கல்லூரிக் குழு. அந்தக் குழுவையும் தாண்டி இந்த நால்வரும் முதலிடத்தில் வந்தார்கள். ஆனால் ஜெயித்தபின் என்ன? 2006-ல் அந்த மாகாணம், காகிதமில்லாத மாணவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் கல்லூரியில் படிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வாத்தியார் பட்டறைக் கதவைத் திறந்தார். சர்க்கார் கல்லூரிக் கதவை மூடிற்று.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. சில குழுக்களில் பெரியவர்களே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுப் பிள்ளைகளை ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள் என்ற சண்டை அந்தப் போட்டியில் வெகுகாலமாக உண்டு. பகலில் மானேஜர் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதால் மாலையில் பிள்ளைகளிடம் அதிகாரம் செய்கிற பேர்வழிகள் எங்கேயும் இருப்பார்கள். ஆனால் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கிறவரும் வழிகாட்டி அல்ல. நடவு பழகுகிற பெண்ணுக்கு அனுபவஸ்தி இரண்டு முடி நட்டுக் காட்டுகிறாள். பிறகு தன் வரிசைக்குப் போய்விடுகிறாள். வரிசை கோணினால் திரும்பி வருகிறாள். அந்த அளவு போதும்.

அங்கே வராதவர்களையும் எண்ண வேண்டும். சரக்குக் கிடங்கில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர் வர முடியாது. வாடகைக்காக இரண்டு வேலை பார்க்கிற தாய் வர முடியாது. தக்காளிக் காட்டில் குனிந்து நிமிர்ந்தவர் வர முடியாது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லையா? பழுதான டிராக்டரைக் கம்பி கட்டி ஓட்டுகிறவருக்குத் தெரிந்த யந்திர ஞானம் பட்டம் வாங்கியவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தும் வர முடியவில்லை. அதனால் இஞ்சினீயர் குடியிருக்கும் பக்கத்துப் பள்ளியின் குழு பலமாகிறது. மற்றப் பள்ளிகளில் ஒரு வாத்தியார் மாற்றலானால் குழுவே கலைந்துபோகிறது.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. நீதி ஆயோக் சுமார் 10,000 பள்ளிகளில் ‘அடல்’ ஆய்வுக்கூடங்களை அமைத்திருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. ரோபோ சாமான்களும் உண்டு. சொல்லிக்கொடுக்கச் சம்பளமில்லாத வழிகாட்டிகளை நாடு முழுவதும் அழைக்கிறார்கள். யாரால் வர முடியும்? 2023 ஏப்ரல் 21-ந் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கிற மசோதாவைத் தமிழக சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்களெல்லாம் சேர்ந்து எதிர்த்ததால் மே முதல் தேதி அதை வாபஸ் வாங்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பன்னிரண்டு மணி நிலைத்திருந்தால், எந்தப் பிட்டர், எந்த எலெக்ட்ரீஷியன் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்க முடியும்?

ஆகவே ஆய்வுக்கூடம் உள்ள பள்ளிகளின் நிர்வாகங்களிடம் நம் சங்கக் கிளைகள் கேட்க வேண்டியது இரண்டு. வழிகாட்டிப் பட்டியலில் பட்டதாரிகளின் பேரோடு பக்கத்து ஆலையின் பிட்டர், டர்னர், ஒயர்மேன் பேரும் இருக்க வேண்டும். அவர்கள் பள்ளிக்குப் போகும் மணிகளுக்கு ஆலை நிர்வாகம் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஓய்வு நேரத்தில் கழிக்கவும் கூடாது. அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது இந்த இரண்டாவது வரியையும் எழுதிச் சேருங்கள்.