ஜெய்சல்மேர் போறீங்களா? கோட்டைக்குள்ள தங்காதீங்க!

ஜோத்பூர் வரை ஃப்ளைட், அப்புறம் கார்னு ஆபீஸ்ல ஜெய்சல்மேர் திட்டம் ஓடுது. போங்க மக்களே, வேணாங்கல. ஆனா "கோட்டைக்குள்ளயே ரூம்" போடுறதுதான் எனக்கு ஆகலை.

1156-ல் எழும்பிய கோட்டை. குடத்துல தண்ணி சுமந்த காலத்துக்குக் கட்டினது. அங்க ஷவரும் ஃப்ளஷ்ஷும் வந்தா? கசியுற தண்ணி அடிமண்ணை இளக்கும், சுவர் சரியும். 1996-லேயே ஆபத்திலுள்ள உலகச் சின்னங்கள் பட்டியல்ல ஏறிடுச்சு.

உள்ள இருக்கிறவங்க பிழைப்புன்னு கேப்பீங்க. கோட்டைக்குள்ள சாப்பிடுங்க, சாமான் வாங்குங்க. குளியலை மட்டும் வெளியே வச்சுக்கோங்க.

மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயிலை அலை அரிக்காம இருக்க கல்லைக் கொட்டி வச்சிருக்கோம். பாலைவனத்துக்கு நாமளே தண்ணியைக் கொண்டுபோய் அரிக்க விடுறது என்ன நியாயம்? புக் பண்ணுமுன் ஹோட்டல் உள்ளயா, வெளியயான்னு பாருங்க.