இரண்டு இணைப்பு, ஒரே பள்ளம்!

கடந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வு நடைபெற்றுவந்த நாள்களில், தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அண்டை வீட்டு மாணவி ஒருவர் மடிக்கணினியுடன் வந்தார். விரும்பும் கல்லூரிகளின் பட்டியலைப் பதிவு செய்ய அன்று மாலையே இறுதிக்கெடு. அவர் வீட்டில் காலை முதலே இணையம் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு நிறுவனங்களின் இணைப்புகள் உண்டு என்பதை அறிந்து வந்திருந்தார். ஒன்று கண்ணாடி இழை வழியாக வருவது. மற்றொன்று, முதலாவது பழுதானால் தானாக இயங்கத் தொடங்கும் சிம் அட்டை இணைப்பு. அன்று இரண்டுமே இயங்கவில்லை.

குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகச் சாலையோரம் தோண்டிய இயந்திரம், வடங்களை அறுத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் வடமும், கைப்பேசி கோபுரத்துக்குச் செல்லும் வடமும் ஒரே பள்ளத்தில் கிடந்திருக்கின்றன. அந்த மாணவி, தந்தையின் இருசக்கர வாகனத்தில் பெரியகுளம் சென்று நேரம் முடிவதற்குள் பதிவு செய்துவிட்டார். வாகனம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்திருக்கும் என்கிற கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. பட்டா, வருவாய்ச் சான்றிதழ், மின் கட்டணம், தேர்வு விண்ணப்பம் என அன்றாட வாழ்வின் பெரும்பகுதியும் அதே வழிக்கு வந்துவிட்டது. நேரில் அலைய வேண்டியதில்லை என்பது பெரிய வசதிதான். ஆனால், நேரில் செல்லும் வழிகள் குறையக் குறைய, இணையத் தடை என்பது பொழுதுபோக்குக்கு நேர்ந்த இடையூறாக இல்லாமல், உரிமைக்கு நேர்ந்த இடையூறாக மாறிவிடுகிறது. இணைய அணுகல் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்ததை இங்கு நினைவுகூரலாம்.

வராக நதிப் பாசனத்தை நம்பியிருக்கும் எங்கள் பகுதி விவசாயி, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்பதற்காகக் கிணற்றைத் தூர்த்துவிடுவதில்லை. அதேபோல, ஒரே ஊற்றிலிருந்து நீர் எடுக்கும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளை இரண்டு ஆதாரங்களாகவும் அவர் கணக்கிடுவதில்லை. இணையத்தில் நாம் செய்யும் பிழை இதுதான். இரண்டு ரசீதுகள் வந்தால் இரண்டு வழிகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

2022 ஜூலை 8 அன்று கனடா இந்தப் பிழையின் விலையைக் கண்டது. ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய வலைப்பின்னலில் செய்யப்பட்ட மாற்றத்தின்போது நேர்ந்த ஒரு தவறால், 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் சேவையை இழந்தனர். டெபிட் அட்டைப் பரிவர்த்தனை முடங்கியது. அவசர அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. வீட்டு இணையத்தையும் கைப்பேசியையும் அதே நிறுவனத்திடம் பெற்றிருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. ஏனெனில், இரண்டுக்கும் மையம் ஒன்றே. டொரன்டோவில் வாழும் நம் உறவினர்கள் பலருக்கும் அந்த நாள் நினைவிருக்கும்.

எனவே, மாற்று இணைப்பு பெற விரும்புவோர் நிறுவனத்தின் பெயரையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. முதல் இணைப்பு தரைவழி என்றால், இரண்டாவது வேறொரு நிறுவனத்தின் கைப்பேசிவழியாக இருப்பது நல்லது. கூடுமானால் அது வேறு திசையில் உள்ள கோபுரத்தைச் சார்ந்திருக்க வேண்டும். இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர், கம்பி இருக்கிறதா என்று மட்டும் பாராமல், தொலைவிலுள்ள ஒரு சேவையகம் பதிலளிக்கிறதா என்று சோதிக்கும்படி அமைக்கப்பட வேண்டும். பல நேரங்களில் விளக்கு எரியும், இணையம் இருக்காது. மின்சாரம் நின்றால் வீட்டுக் கருவிகளும் நின்றுவிடும் என்பதால், ரவுட்டருக்கென ஒரு சிறிய மின்கலன் வேண்டும். மாதம் ஒருமுறை முதல் இணைப்பைத் துண்டித்து, இரண்டாவது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தேன் என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால், வடம் எந்தப் பள்ளத்தில் செல்கிறது என்பதை வாடிக்கையாளர் எப்படி அறிவார்? ஒரு வீட்டின் முன்னெச்சரிக்கை வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது பொதுப் பொறுப்பு.

அரசு இதை அறியாமல் இல்லை. முறையின்றித் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ரூ.3,000 கோடி இழப்பு ஏற்படுகிறது என்று கூறியே, தோண்டுவதற்கு முன் தகவல் தெரிவிக்கும் செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி மதிப்பில் ஒப்புதல் அளிக்கப்பட்ட திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை வளைய வடிவில் இணைக்க வகைசெய்கிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் தரவு மறுபுறமாகச் சுற்றிவந்து சேரும். நீள்கோடாகச் செல்லும் வடம் அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் இருளில் மூழ்கும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, தமிழகத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் அந்த வளையம் வரைபடத்தில் மட்டுமின்றி மண்ணிலும் முழுமை பெற வேண்டும். இரண்டாவதாக, அந்த இணைப்பு ஊராட்சி அலுவலகத்துக்குள் பூட்டப்படாமல், ஊர்ப்புற நூலகத்தில் யாரும் அமர்ந்து பயன்படுத்தும் வகையில், மின்கலன் வசதியுடன் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, ஒரு பகுதியில் சேவை முடங்கியது பதிவானால், அப்பகுதியினருக்கு இணையவழி விண்ணப்பங்களின் கெடு தானாகவே நீட்டிக்கப்பட வேண்டும்.

ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை தடைபட்டால் கட்டணத்தில் கழிவோ, செல்லுபடிக் கால நீட்டிப்போ தர வேண்டும் என்று டிராய் விதிகள் கூறுகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால், அன்று எங்கள் ஊரில் இணையம் சில மணி நேரம்தான் நின்றது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு மாணவியின் நான்காண்டுக் கல்வி முடிவாக வேண்டியிருந்தது. அதை எந்தக் கட்டணக் கழிவாலும் ஈடு செய்ய முடியாது.