மிதக்கவும் வேண்டாம், முங்கவும் வேண்டாம்



கோவை மதுக்கரையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மகள் புதுச்சேரியில் ஸ்கூபா பழகிச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். இப்போது சொந்தமாக பி.சி.டி. வேண்டும் என்கிறாள். “முப்பதாயிரத்துலயும் இருக்குது, எழுபதாயிரத்துலயும் இருக்குதுங்க. உசுரு காக்கற சாமானுக்கு வெலை பாக்கலாமான்னு கேக்கறா. கெணத்துல சொரப்புருடை கட்டி நீச்சல் பழகுனவங்க நாங்க. எங்களுக்கு என்னங்க தெரியும்?” என்று கேட்கிறார்.

சுரைப்புருடை தெரிந்தவருக்குப் பாதி விஷயம் தெரியும், சகோதரி. புருடை எப்போதும் ஒரே அளவுதான் தூக்கும். கிணற்றில் முங்காமல் இருக்க அது போதும். கடலுக்குள் 12 மீட்டரில் மீன் பார்க்கப் போகிறவருக்கு மிதக்கவும் வேண்டாம், முங்கவும் வேண்டாம்; நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகத் தூக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி செய்த காற்றுப்பைதான் பி.சி.டி. சிலிண்டரை முதுகில் தாங்குவதும் அதுவே. ஒரு பொத்தானை அழுத்தினால் சிலிண்டர் காற்று பைக்குள் போகும். இன்னொன்றை அழுத்தினால் வெளியேறும்.

நம் முத்துக்குளிப்பவர்களிடம் இந்த வசதி இருந்ததில்லை. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். மேலே வர, படகிலிருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதே ஆண்டு பிரான்சில் மாரிஸ் ஃபென்சி என்பவர், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மிதவைப் பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பி.சி.டி.க்கு அது முன்னோடி. 1943-ல் கூஸ்தோவும் கான்யானும் மூச்சுக் கருவியை உருவாக்கியது முதல் அதுவரை, பெரும்பாலோர் ஈயக்கட்டியையும் தங்கள் நுரையீரலையும் நம்பித்தான் இறங்கினார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீருக்கடியில் நிலையாக நிற்பதை முதலில் தீர்மானிப்பது இடுப்பில் கட்டும் ஈயம். பை அதற்குப் பின்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. காற்றின் கன அளவு பாதியாகிறது. மகள் பயத்தில் 4 கிலோ ஈயம் கூடுதலாகக் கட்டிக்கொண்டாள் என்று வையுங்கள். அதை ஈடுகட்ட 10 மீட்டரில் பைக்குள் 4 லிட்டர் காற்று அடைக்க வேண்டும். கொஞ்சம் மேலே ஏறினால் அந்தக் காற்று விரியும். விரிந்தால் இன்னும் தூக்கும். வெளியே விடாவிட்டால் மேலே வருவதற்குள் 8 லிட்டராகிவிடும். அது மேலே தூக்கும் வேகத்தில் மூச்சையும் பிடித்துக்கொண்டால் நுரையீரல் கிழியலாம். ஈயம் சரியாக இருந்தால் பைக்கு வேலையே குறைவு. காற்றை அதிகம் கேட்காத பி.சி.டி.தான் நல்ல பி.சி.டி.; அதை எழுபதாயிரம் கொடுத்தும் வாங்க முடியாது, பழகித்தான் பெற வேண்டும்.

ஆகவே முதல் யோசனை: உடனே வாங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை கடலுக்குப் போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே லாபம். வெவ்வேறு வகைகளைப் போட்டுப் பார்த்ததாகவும் ஆகும். ஜாக்கெட் வகையில் காற்று இடுப்பைச் சுற்றி நிற்கும். மேலே வந்ததும் ஆளை நிமிர்த்தி வைக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது தெம்பு. விங் வகையில் காற்று முழுக்க முதுகுப்பக்கம். நீருக்குள் படுத்தவாக்கில் போக அருமையாக இருக்கும். மேலே மிதக்கும்போது முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும், கொஞ்சம் பழக வேண்டும்.

வாங்குவது என்று முடிவானால் பொருத்தத்தைப் பாருங்கள். பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது. முழுக்கக் காற்றடைத்த நிலையிலும் தாராளமாக மூச்சுவிட முடிய வேண்டும். நம்மூர்ப் பெண்கள் பலருக்கு ஆண்களுக்கான மீடியம் சைஸ் தொளதொளவென்று இருக்கும்; பெண்களுக்கென்றே தைத்தவை கிடைக்கின்றன. காற்றை விடும் வால்வுகள் எல்லாம் கைக்கு எட்டுகின்றனவா, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் அகப்படுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்கும் திறன் எத்தனை கிலோ என்று கடைக்காரர் பெருமை பேசுவார். மெல்லிய உடையோடு நம் வெதுவெதுப்பான கடலில் ஒற்றைச் சிலிண்டருடன் இறங்குகிறவருக்கு 10, 12 கிலோவே பெரும்பாலும் போதும். கோவையிலிருந்து விமானம் ஏறி அந்தமான் போகும் ஆசை இருந்தால், பி.சி.டி.யின் சொந்த எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை பார்க்கலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தாராளமாகப் பாருங்கள். பாக்கெட்டுக்கும் பளபளப்புக்கும் கொடுக்கும் பணம் உயிரைக் காக்காது. பொருந்துகிற ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் இன்னும் நான்கு முறை கடலில் இறங்கினால் அதுதான் காக்கும்.

மதுக்கரைக்காரர்களுக்கென்று ஒரு சேதியும் உண்டு. 1934 முதல் சிமென்ட் ஆலை இயங்கிவரும் ஊர் உங்களுடையது. சிமென்ட்டுக்கு ஆதாரமான சுண்ணாம்புக்கல்லும் கடலிலுள்ள பவளப்பாறையும் அடிப்படையில் ஒரே பொருள்தான். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறைகளையே வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றார்கள். இன்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் கடலடியில் சிமென்ட் பலகைகளை இறக்கி, அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். எங்கேயும் பிடித்துக்கொள்ளாமல், துடுப்புக்கால் எதிலும் படாமல் நீருக்குள் நிற்கத் தெரிய வேண்டும். ஆண்டுக் கணக்கில் வளர்ந்த பவளக் கிளையை முறிக்க ஒரு உதை போதும். சுற்றிப் பார்க்க இறங்கும் உங்கள் மகளுக்கும் அதே நிதானம் தேவை. புது பி.சி.டி.யை முதலில் நீச்சல் குளத்தில் போட்டுப் பழகட்டும். ஒவ்வொரு முறை கடலில் இறங்கி வந்தபின்பும் பைக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி அலசி, நிழலில் காய வைக்கட்டும்.

கடலுக்குள் இறங்கிய அனுபவம் உள்ள மற்ற வாசகர்களும் எழுதுங்கள். எந்த பிராண்ட் என்பதைவிட, எது உங்கள் உடம்புக்குப் பொருந்தியது, ஈயம் எத்தனை கிலோ குறைந்தது என்று எழுதினால் இந்தச் சகோதரிக்கு அதிகம் பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்