வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு வெட்டிச் செலவு எதற்கு?

வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் நண்பர்களே, அதிர்வு தாங்கும் கால்கள், தடித்த கேபிள் என்று காசைக் கரைக்காதீர்கள். பி.காம் படிக்கிறவன் கணக்கு இது!

எங்கள் வத்தலக்குண்டில் மைக்செட் கட்டுபவர்கள் ஆம்ப்ளிஃபையரைப் பந்தலுக்குள்ளும் குழாயை வெளியே மரத்திலும் வைப்பார்கள். அந்த இடைவெளிதான் வைத்தியம். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் ஆடினால் அந்த ஆட்டமும் சத்தமாகிவிடும். அதனால் ஸ்பீக்கரை அதே மேஜையில் வைக்காதீர்கள். பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். எது 'டங்'கென்று பலமாக ஒலிக்கிறதோ, அதை மட்டும் மாற்றுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு கதை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சிக்னல் வயர் போனால் அந்த முனகல் ஒட்டிக்கொள்ளும். தள்ளி வையுங்கள். அப்புறமும் போகாவிட்டால் பெரும்பாலும் பழைய கெப்பாசிட்டர்தான். அதற்கு மட்டும் மெக்கானிக்குக் காசு கொடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கலாம். உயிர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்!