நாரைப் பாகுல போட்டா மருந்தாகிடுமா?

பட்டணத்துல இருக்கிற எங்க சொந்தக்காரங்க நாலஞ்சு வீட்ல இப்ப கொம்புச்சா ஜாடி இருக்கு. சர்க்கரை போட்ட டீத்தண்ணியில ஒரு ஆடையை மிதக்க விட்டு, பத்து நாள் புளிக்க வைச்சுக் குடிக்கிறாங்க. தாராளமாக் குடிக்கட்டும். என் சண்டை மிஞ்சுற ஆடையைப் பத்தி. ஒவ்வொரு தடவையும் மேல புதுசா ஒண்ணு கட்டும். அது சேர்ந்து போகுதேன்னு துண்டு போட்டு, சர்க்கரைப் பாகுல கொதிக்க விட்டு, உலர்த்தி மிட்டாய் பண்றாங்க. "எதையும் வீணாக்கக் கூடாது, வயித்துக்கும் நல்லது"ன்னு பேரப்பிள்ளைங்க கையிலயும் கொடுக்கிறாங்க. இந்த ரெண்டு பேச்சையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதல்ல வயிறு. அந்த ஆடையில தண்ணியை விட்டா மிச்சம் பெரும்பாலும் செல்லுலோஸ், பாக்டீரியா நெய்த நார். வைக்கோல்லயும் பருத்தியிலயும் இருக்கிறது இதே சரக்குதான். மாட்டுக்கு நாலு அறை வயிறு இருக்கு, செரிக்கும். நமக்குச் செரிக்காது. பிலிப்பைன்ஸ்ல தேங்காய்த் தண்ணியில இதே மாதிரி ஆடை கட்ட வைச்சு, நாட்டா டி கோகோன்னு பாகுல போட்டுத் தின்கிறாங்க. அங்க அது ஒரு இனிப்பு, அவ்வளவுதான். நல்ல கிருமி, நல்ல கிருமின்னு சொல்றீங்களே, கொதிக்கிற பாகுல விழுந்ததும் அது செத்துடும். மிஞ்சுறது நாரும் சர்க்கரையும். தின்னா கெடுதல்னு நான் சொல்லலை. மிட்டாயை மிட்டாய்னு சொல்லுங்க.

அடுத்து, வீண். அந்த மிட்டாய் பண்ற அதே வீட்ல ராத்திரி மிஞ்சின சோறு எங்க போகுது? புளிச்ச மாவு? புளிச்ச மோர்? எல்லாம் குப்பைக்கும் சிங்க்குக்கும். சோத்தைக் கொட்டிட்டு, புதுசா சர்க்கரை செலவழிச்சு ஒரு ஆடையைக் காப்பாத்துறது எந்த ஊர்ச் சிக்கனம்?

ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ நெல் அரைக்கணும். 2024-25ல சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். கிலோ 23 ரூபாய். தண்ணி, களை, எலி, அறுப்பு நேரத்து மழைன்னு நாலு மாசம் வயல்ல கிடந்தவனுக்கு அதுதான் கணக்கு. நெல்லு மலிவா இருக்கிறதாலதான் சோறு இளப்பமாப் போச்சுன்னு நான் நினைக்கிறேன்.

எங்க வீட்ல மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்துவோம். காலையில நீராகாரம். அதுக்கும் மேல மிஞ்சினா, பங்குனி சித்திரையில வடகம். தண்ணியை ஒட்டப் பிழிஞ்சுட்டு, பச்சை மிளகாய், சீரகம், உப்பு அரைச்சுப் போட்டுப் பிசையணும். உப்பைக் குறைச்சுப் போடுங்க, காயக் காயத் தூக்கலாகும். பொடியா நறுக்கின சின்ன வெங்காயம் சேர்த்தா வாசம் தனி. பழைய வெள்ளை வேட்டியில கிள்ளி வைச்சு ரெண்டு மூணு நாள் காயணும். உடைச்சா நடுவுல ஈரம் தெரியக் கூடாது, தெரிஞ்சா பூசணம் பிடிக்கும். மோர் புளிச்சா மிளகாயைக் கீறிப் போடுங்க: பகல்ல வெயில், ராத்திரி திரும்ப மோர். மோர் வத்தினதும் நல்லாக் காய விட்டா மோர் மிளகாய். மாவு புளிச்சா வெங்காயம் தாளிச்சுக் கொட்டிப் பணியாரம்.

"வடகத்தை எண்ணெயில பொரிச்சா அதுலயும் கிருமி சாகுமே?"ன்னு கேப்பீங்க. சாகும். நான் வடகத்தை மருந்துன்னு சொல்லலையே. ரசம் சோத்துக்குக் கடிச்சுக்கிறதுக்குச் சொல்றேன். உயிரோட கிருமி வேணும்னா நீராகாரத்தைக் குடிங்க, அதுக்கு அஞ்சு பைசா செலவில்லை. "அபார்ட்மெண்ட்ல வெயில் ஏது?"ன்னும் கேப்பீங்க. துணி காயுற இடத்துல வடகமும் காயும். மொட்டை மாடிச் சாவியைத் தர மாட்டேங்கிறாங்கன்னா, அசோசியேஷன் கூட்டத்துல அதைக் கேளுங்க.

மிஞ்சின கொம்புச்சா ஆடையைச் சின்னச் சின்னதா வெட்டி எருக்குழியில போடுங்க, மக்கிப் போகும். இன்னைக்கு ராத்திரி பானையில சோறு மிஞ்சினா அதுல தண்ணி ஊத்துங்க. வீணாக்காம இருக்கிறதை அங்கேருந்து ஆரம்பிங்க.