உத்தனப்பள்ளிக்குப் பை கட்டும்போது

ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் ஓசூரில் ஐபோன் தயாரிப்பு வேலைக்குப் பயிற்சி பெறுவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். ஓசூர் வட்டாரத்தில் உத்தனப்பள்ளி அருகே உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்குத் தென்மாவட்டப் பெண்களும் வருகிறார்கள்.

தூத்துக்குடிப் பெண்ணின் பையில் பெரும்பாலும் ஸ்வெட்டர் இருக்காது. அவர் ஊரில் அதற்கு வேலையே இல்லை. ஓசூர் வட்டாரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்; மார்கழி இரவில் வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் பஸ் ஏறும்போது நைலக்ஸ் துப்பட்டா எதற்கும் உதவாது.

தடித்த ஜீன்ஸை ஊரிலேயே விட்டுவிடலாம். மழைக்காலத்தில் விடுதிக் கொடியில் அது இரண்டு நாளானாலும் காயாது. கறுப்பிலும் கருநீலத்திலும் இரண்டு பேன்ட், அவற்றோடு மாற்றி மாற்றிப் போட நாலு பருத்திக் குர்தி, முன்பக்கம் திறந்த ஒரு ஸ்வெட்டர், ஒரு சென்னிமலைப் போர்வை போதும். பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது தருமபுரி தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினால், உள்ளே இருக்கும் குர்தியே விசேஷத்துக்கும் எடுப்பாக இருக்கும்.

ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அழைப்புக் கடிதத்திலேயே இந்தக் குளிரைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும்.