முதுமையின் வலி அன்று, சரவாங்கி



இல்லத்து முதியோர் "கை குடைகிறது" என்றால், "வயதாகிவிட்டதல்லவா?" என்று விடையளித்துவிட்டு நாம் நம் அலுவலைப் பார்க்கச் செல்கிறோம். பனமலை வட்டாரத்தில் மணிலாக்கொட்டை உடைத்தும் நாற்று நட்டும் காய்ப்பேறிய கைகளுக்கு வலி புதிதன்று. ஆயினும் எல்லா வலியும் முதுமையின் வலியாகாது. ஐம்பதிலும் அறுபதிலும்கூடப் புதிதாய்த் தோன்றும் நோய் ஒன்றுண்டு. மக்கள் அதனைச் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் அழைப்பர். மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பர்.

தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி உழைக்க உழைக்க மிகும், ஓய்ந்தால் தணியும். சரவாங்கியோ ஓய்வுக்குப்பின் மிகும். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து நிற்கும். அவ்விறைப்பு நீங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலும் இரு கைகளிலும் விரற்கணுக்களும் மணிக்கட்டும் ஒருங்கே வீங்கும், உடல் சோரும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே மூட்டின் உட்சவ்வைப் பகையெனத் தாக்குவதால் வருவது இது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. கவனியாது விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணும். கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது. ஆகவே முதற்சில மாதங்களே பொன்னானவை.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் ஐம்பது வயதையொட்டி இந்நோய்க்கு ஆளானார். மடங்கிய விரல்களிடையே பிறர் தூரிகையைச் செருகிவிட, 1919இல் இறக்கும் வரை வரைந்தார். அவருக்குக் கிட்டாத மருந்து நமக்குக் கிட்டியிருக்கிறது. பீமவரத்தில் 1895இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கினார். அவர்தம் குழுவினர் போலிக் அமிலத்தை ஆக்கினர். அதனை எதிர்க்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தையும் ஆக்கினர். சுப்பாராவ் 1948இல் மறைந்தார். புற்றுநோய்க்கென வந்த அம்மருந்தைச் சரவாங்கிக்கும் வழங்க 1988இல் அமெரிக்க அரசு இசைந்தது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதன்மை மருந்து அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இம்மருந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு விளையும். எழுத்தறியாப் பெற்றோருக்கு, "ஞாயிற்றுத் திருப்பலி முடிந்து வந்ததும்" என்று ஒரு நாளைக் குறித்துப் பிள்ளைகளே எடுத்துத் தருவது நன்று. மருத்துவர் தரும் போலிக் அமிலத்தையும் விடலாகாது. இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. மது அறவே கூடாது. உடனே வலி தீர்க்கும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது எலும்பை நலிவித்துச் சர்க்கரையை ஏற்றும். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. புதுவையில் ஜிப்மர் இருக்கிறது. வீக்கம் சில வாரங்கள் நீடித்தால் அங்கே செல்லத் தயங்க வேண்டாம்.

"இது ஆண்டவர் தந்த சிலுவை" என்று வலியை மறைக்கும் தாய்மார் நம்மிடையே பலர். துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் உயர்ந்த செபமே. ஆயினும் மருத்துவரை மதிக்கச் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. மருந்துண்பது விசுவாசக் குறைவன்று. நோயில் பூசுதலும் மரணப் படுக்கைக்கு மட்டும் உரியதன்று. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்கைப் புதுப்பித்ததிலிருந்து கடும் நோயுற்றோர் எவரும் அதனைப் பெறலாம்.

முழந்தாளிட இயலாதவர் அமர்ந்தே செபிக்கட்டும். செபமாலை மணியை உருட்ட இயலாத விரல்களுக்குப் பேரப்பிள்ளைகளின் விரல்கள் துணையாகட்டும். தண்ணீர்க் குடத்தையும் துணி பிழிவதையும் இளையோர் ஏற்றுக்கொள்ளட்டும். இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், நம் அன்னையரின் கைகளைப் பற்றி, "காலையில் விரல் மடக்க வருகிறதா, அம்மா?" என்று கேட்போம். விடையைப் பொறுமையோடு செவிமடுப்போம்.